கொம்புக்கு ஒரு விரல் இடம்

அலமாரியை ஒழித்தபோது பழைய பாடக்குறிப்பு நோட்டுகள் பதினாறு கிடைத்தன. எடைக்குப் போடுமுன் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அட்டைக்கு உள்பக்கமும் அந்தந்த வருடத்துத் திட்டத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். 1990-இல் வேலைக்குச் சேர்ந்து 2024-இல் ஓய்வு பெறும்வரை செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில்தான் இருந்தேன். கரும்பலகைத் திட்டம், குறைந்தபட்சக் கற்றல் நிலைகள், செயல்வழிக் கற்றல், சமச்சீர் கல்வி, முப்பருவ முறை, எண்ணும் எழுத்தும் என்று நான் வேலை பார்த்த முப்பத்து நான்கு வருடமும் அந்த அட்டைகளில் வரிசையாக நிற்கிறது. நோட்டின் ஓரங்களில் பிள்ளைகளைப் பற்றிப் பென்சிலால் கிறுக்கியதும் இருக்கிறது. அதையும் ஞாபகத்தில் நிற்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். முன்பின்னாகத்தான் வரும்.

*

நான் சேர்ந்த பள்ளியில் அதுவரை ஒரே ஆசிரியர். எந்தத் தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைக் கருவிகள் வேண்டும் என்று 1987-இல் மத்திய அரசு கொண்டுவந்ததுதான் கரும்பலகைத் திட்டம். அதன்படி இரண்டாவது ஆசிரியராக நான் வந்தேன், ஒரு பெட்டியும் வந்திருந்தது. உலக உருண்டை, வரைபடங்கள், அறிவியல் சாமான்கள் எல்லாம் இருந்தன. பெட்டிக்குப் பூட்டு. உடைந்துபோனால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், சம்பளத்தில் பிடித்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது வருடம் பெரிய சாரிடம் கெஞ்சிச் சாவி வாங்கி உருண்டையை வெளியே எடுத்தேன். பிள்ளைகள் முதலில் கேட்டது, "நம்ம ஊரு எங்க இருக்குது டீச்சர்?" பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினேன். முனை தொட்ட இடத்தில் மாவட்டமே மறைந்துவிட்டது.

*

ஈராசிரியர் பள்ளி என்றால் என்ன என்பது, அதில் வேலை பார்க்காதவர்களுக்கு எளிதில் விளங்காது. வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் சம்பளப் பட்டியல், கூட்டம், சத்துணவுக் கணக்கு என்று வாரத்தில் ஒரு நாளாவது ஒன்றிய அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். மற்றவருக்கு ஜுரம் வந்தால் அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இது ஏதோ விதிவிலக்கான பள்ளியின் நிலைமை என்று நினைத்துவிடக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமே 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. 30 பேருக்கு ஒருவர் என்பது காகிதத்தில் நல்ல விகிதம். அந்த முப்பது பேரில் எழுத்தே தெரியாதவனும், வகுத்தல் போடுகிறவளும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது விகிதத்தில் வராது.

அதனால் புதிதாக எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு ஆசிரியர், ஒரு வகுப்பு, ஒரு புத்தகம் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதினார்களா, அல்லது எங்கள் அறையைப் பார்த்துவிட்டு எழுதினார்களா? நான் கண்டவற்றில் எங்கள் அறையைப் பார்த்து எழுதியது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது செயல்வழிக் கற்றல்.

*

அது பிறந்த இடம் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி. சுற்றுவட்டாரக் கிராமத்துச் சிறு பள்ளிகளுக்காக பத்மநாப ராவ், ரமா தம்பதி அங்கே உருவாக்கிய அட்டைமுறைதான் மூலம். எல்லா வயதுப் பிள்ளைகளும் ஓர் அறையில், ஓர் ஆசிரியரிடம் இருப்பார்கள் என்பதை ஒப்புக்கொண்டே அதைத் தொடங்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் அதை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் கொண்டுவந்தார். பிறகு அவரே மாநிலத்தின் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்குப் பொறுப்பாக வந்தார். 2007-08-இல் தமிழ்நாடு முழுவதும், ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்கு, எங்கள் ஊர் உட்பட, வந்துவிட்டது.

பாடம் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிந்து அட்டைகளாக வந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம், ஓர் எண். சுவரில் ஏணிப்படி. பிள்ளை ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அதற்கான குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் துணையோடு படிக்க ஒரு குழு, பக்கத்துப் பிள்ளை துணையோடு படிக்க ஒன்று, தானே படிக்க ஒன்று. மூன்று நாள் வராத பிள்ளை நான்காம் நாள் வந்தால், விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலத்தில் பாதிப் பிள்ளைகள் கொல்லைக்குப் போய்விடும் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். அதற்கு முன்னெல்லாம் திரும்பி வந்த பிள்ளை, பாடம் எங்கேயோ போய்விட்டதைப் பார்த்துவிட்டு மறுபடி கொல்லைக்கே போய்விடும்.

*

நாற்காலியை வெளியே எடுக்கச் சொன்னார்கள். ஆசிரியரும் பாயில் உட்கார வேண்டும். பதினேழு வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது கஷ்டமாக இருந்தது. முட்டி வலி ஒரு பக்கம், மரியாதை போய்விடுமோ என்ற எண்ணம் இன்னொரு பக்கம். சக ஆசிரியர்கள் பலர் சங்கக் கூட்டத்தில் கோபமாகப் பேசினார்கள். நானும் கை தட்டினேன்.

முதல் வாரமே நடந்தது இது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், பேசவே மாட்டான். கணக்கில் பூஜ்யம் என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன். நான் பாயில் உட்கார்ந்து இன்னொரு பிள்ளைக்கு அட்டை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவன் பக்கத்தில் நகர்ந்து வந்து என் கையைத் தொட்டான். வளையலை ஒவ்வொன்றாக விரலால் தள்ளினான். பிறகு மற்றக் கைக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு ஒடஞ்சி போச்சா டீச்சர்?" என்றான்.

இடது கையில் ஆறு, வலது கையில் ஐந்து. காலையில் குழாயடியில் ஒன்று உடைந்திருந்தது உண்மைதான்.

எண்ணி, இன்னொன்றை எண்ணி, இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அதற்குக் காரணமும் யோசித்திருக்கிறான். ஒன்றரை வருடமாகப் பூஜ்யம் போட்ட பிள்ளை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என் வளையல் அவன் கைக்கு எட்டியிருக்காது. அன்று சாயந்திரம் பூஜ்யத்தை அடித்துவிட்டு எழுதியதைப் பார்க்கிறேன்: "கழித்தல் தெரியும்."

*

கீழ்மட்டக் கரும்பலகை. அறையின் சுவரைச் சுற்றிலும் தரையிலிருந்து பிள்ளையின் மார்பு உயரத்துக்கு ஒரு கருப்புப் பட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் எழுதிய ஓர் இடம். அதுவரை கரும்பலகை என்றால் என்னுடையது. பிள்ளை அதில் எழுதுவது நான் கூப்பிட்டால்தான், அதுவும் பெரும்பாலும் தப்பைக் காட்டுவதற்காக. இப்போது இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு கை அகலச் சுவர் சொந்தம்.

அங்கேதான் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளுக்குக் கொம்பு வைத்த எழுத்துகள் ஏன் வருவதில்லை என்று பல வருடம் எனக்குப் புரியவில்லை. கெ, கே, கை, கொ, கோ. ஸ்லேட்டில் எழுதி நாற்காலிக்குக் கொண்டுவந்து காட்டும்போது சரியாகத்தான் இருக்கும், கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், அவ்வளவுதான். 'சரி' போட்டு அனுப்புவேன். சொல்வதெழுதுதல் என்றால் மட்டும் கொம்பு காணாமல் போகும். 'மேடு' என்றால் 'மடு' என்று எழுதி வைப்பார்கள். கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறேன்.

சுவர்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளை எழுதுவதைப் பார்த்தேன். 'மேடு' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். காதில் முதலில் விழுவது ம். அதனால் முதலில் ம எழுதினாள். பிறகு ஞாபகம் வந்து, அதற்கு முன்னால் கொம்பை நுழைக்க இடம் தேடினாள். வரியின் முதல் எழுத்தாக இருந்ததால் இடம் கிடைத்தது. அடுத்த சொல்லில் நடுவில் வந்தபோது இடமில்லை, விட்டுவிட்டாள். நம் எழுத்தில் ஒலி பின்னால் வருகிறது, அடையாளம் முன்னால் நிற்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தலைகீழ்! பதினேழு வருடம் நான் பார்த்ததெல்லாம் எழுதி முடித்த எழுத்தை. எழுதுகிற கையை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஒரு வழி செய்தேன். சொல்லைக் கேட்டதும் முதலில் உதட்டைப் பார், 'ஏ' வருகிறதா பார், வந்தால் சுவரில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு விரல் இடம் விடு, பிறகு எழுது. விரலை எடுத்த இடத்தில் கொம்பு உட்காரும். பத்துப் பதினைந்து நாளில் பெரும்பாலானவர்களுக்கு வந்துவிட்டது. இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அந்தப் பெண்பிள்ளையின் கையைப் பார்த்துத்தான் கற்றேன். அந்தக் கையின் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தது அரசாணை.

*

செயல்வழிக் கற்றலின் குறைகளையும் எழுத வேண்டும்.

அட்டை தொலையும். எலி கடிக்கும். மழை ஒழுகும். ஏணியில் ஒரு படிக்குரிய அட்டை இல்லையென்றால் பிள்ளை அங்கேயே நிற்கும். மாற்று அட்டை கேட்டு எழுதிக் கொடுத்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்திலும் நாள்காட்டித் தாளிலும் நானே வரைந்து வைத்துக்கொண்டேன். அகரத்தில் தொடங்காமல் ட, ப, ம என்று எழுத எளிதான எழுத்துகளிலிருந்து தொடங்கியதைப் பெற்றோர்கள் ஏற்கவே இல்லை. "அனா ஆவன்னா தெரியாம என்னா பள்ளிக்கூடம்?" என்று கேட்ட பாட்டிக்கு, 'படம்' என்று பேரன் ஒரே வாரத்தில் படித்துக் காட்டியும் சமாதானம் ஆகவில்லை. புத்தகம் இருந்தும் பாடம் அட்டையில்தான் நடந்தது. வீட்டுப்பாடம் இல்லை. பையில் ஒன்றும் இல்லாமல் வரும் பிள்ளை படிக்கிறது என்று எந்த அம்மா நம்புவாள்? அதே வருடங்களில்தான் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்தது.

பெரிய குறை இன்னொன்று. பார்வைக்கு வருகிறவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இவன் ஏணியில எங்க நிக்கறான்?" போகப் போக அதுவே ஒரே கேள்வியாகிவிட்டது. பின்தங்கிய பிள்ளை என் பெயரில் கருப்புப் புள்ளி. அதனால் படிகளைத் தாண்டவிட்டேன். நான் செய்தேன், அதனால் எழுதுகிறேன். பிள்ளை தன் வேகத்தில் போகட்டும் என்பதற்காக வந்த ஏணியில், பிள்ளையை நான் இழுத்து ஏற்றினேன். அதில் இரண்டு பேரை ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் மறுபடி சந்தித்தேன். அந்த இரண்டு பேரும் என் மனதை விட்டுப் போகவே இல்லை.

*

பயிற்சிகள். மாநில அளவில் சிலருக்குச் சொல்லி, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டம் வட்டார வள மையத்துக்கு, வட்டாரம் எங்களுக்கு. கையேட்டில் 'ஏன்' என்று தொடங்கும் பகுதிகள் ஒவ்வொரு கட்டத்திலும் உதிர்ந்துவிடும். 'எப்படி' மட்டும் வந்து சேரும். செயல்வழிக் கற்றல் பயிற்சியில் அட்டையை எந்தத் தட்டில் வைப்பது என்று அரை நாள் சொன்னார்கள். பாயில் ஏன் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வளையல் பையன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பயிற்சிக்குப் போகும் நாளில் எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். நல்லபடியாகப் பாடம் நடத்துவது எப்படி என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நாளில் என் பிள்ளைகளுக்குப் பாடமே நடக்காது. மதிய உணவு இடைவேளையில் இதுதான் எனக்கு உறுத்தும்.

*

2011. புத்தகம் இல்லாத அந்த இரண்டு மாதத்தை யாரும் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதுவதில்லை.

மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்க 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அதற்கு முன் முத்துக்குமரன் குழு அதை ஆராய்ந்திருந்தது. ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் 2010-11-இலேயே புதுப் புத்தகம் வந்துவிட்டது. மற்ற வகுப்புகளுக்கு 2011 ஜூனில் வர வேண்டும். மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு தள்ளிவைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போனது. ஜூன் 15-ஆம் தேதிதான் பள்ளியே திறந்தார்கள். ஆகஸ்ட் 9-ஆம் தேதி, நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இடைப்பட்ட நாட்களில் வகுப்பில் புத்தகம் இல்லை. எங்கள் பள்ளியில் கீழ் வகுப்புகளுக்கு அட்டை இருந்ததால் பாதகமில்லை. ஐந்தாம் வகுப்பு வெறுங்கையோடு நின்றது. பதினொரு பிள்ளைகள்.

முதல் வாரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டாம் வாரம் செய்தித்தாளைக் கொண்டுபோனேன். வழக்குச் செய்தி முதல் பக்கத்தில் இருந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "எங்க புக்கு கோர்ட்டுல இருக்குது" என்று ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் அந்தச் செய்தி என்ன ஆயிற்று என்று பார்க்க அவர்களே தாளுக்குச் சண்டை போட்டார்கள். 'ஒத்திவைப்பு', 'மேல்முறையீடு', 'இடைக்காலத் தடை'. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தச் சொற்களை எழுத்துக்கூட்டாமல் படித்தார்கள்.

மல்லாட்டை விதைப்பு நடந்துகொண்டிருந்தது. ஓர் ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை என்று அப்பாவிடம் கேட்டு வரச் சொன்னேன். பதினொரு அப்பாக்களும் ஒரே எண்ணைச் சொல்லவில்லை. ஏன் என்று விசாரித்ததில் மண், இரகம், சால் இடைவெளி எல்லாம் வந்தது. ஒரு கிலோவில் எத்தனை பருப்பு இருக்கும்? நூறு கிராமைக் கடைத் தராசில் நிறுத்து, எண்ணி, பத்தால் பெருக்கினார்கள். அப்படியானால் ஓர் ஏக்கரில் எத்தனை செடி? முளைக்காதது எத்தனை? பெருக்கல், வகுத்தல், சராசரி எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் முடிந்தது. பள்ளி வளாகத்தை முழத்தால் அளந்தோம், பிறகு டேப்பால் அளந்தோம், இரண்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள்.

என் முப்பத்து நான்கு வருடத்தில் நான் நன்றாகப் பாடம் நடத்திய காலம் அந்த இரண்டு மாதம். சொல்ல வாய் கூசுகிறது, ஏனென்றால் பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த இரண்டு மாதமும் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பொதுத்தேர்வு. புதுப் பாடத்தில் பரீட்சையா, பழையதிலா என்றே தெரியாது. புத்தகம் கைக்கு வந்தபோது அதில் சில இடங்களை ஒட்டி மறைத்திருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஓர் ஆட்சிக்கும் அடுத்த ஆட்சிக்கும் நடுவில் நின்றது பதினைந்து வயதுப் பிள்ளை.

எனக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தது தற்செயல். யாரும் அதைத் திட்டமிட்டுக் கொடுக்கவில்லை.

*

2012-13. முப்பருவ முறை, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பை லேசானது. இது நல்ல காரியம், முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. செய்து காட்டுவது, பேசுவது, சேகரிப்பது எல்லாவற்றுக்கும் மதிப்பெண். யோசனை அருமையானது.

சில மாதத்தில் ஸ்டேஷனரிக் கடையில் ஆயத்தப் படத்தாள்கள் தொங்க ஆரம்பித்தன. தலைவர்கள், பழங்கள், போக்குவரத்துச் சாதனங்கள். 'சேகரித்து ஒட்டுக' என்றால் கடையில் சேகரித்து ஒட்டினார்கள். கூலிக்குப் போகும் அம்மா பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று கொடுத்தாள். எனக்கோ ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு செயலுக்கும் கட்டம் கட்டிப் பதிய வேண்டும். வகுப்பு நேரத்தில் பதிந்தேன், வேறு நேரம் ஏது?

*

அடுத்த வருடங்களில் ஆங்கில வழி. தனி ஆசிரியர் இல்லை, தனி அறை இல்லை. ஒரே பாயில் சில பிள்ளைகள் தமிழ் வழி, சில பிள்ளைகள் ஆங்கில வழி. 'கழித்தல்' என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு 'சப்ட்ராக்‌ஷன்' என்று இந்தப் பக்கம் திரும்பிச் சொல்வேன். வேனை நிறுத்த அது ஓரளவு உதவியது. பாடத்துக்கு உதவியதா என்றால், இல்லை.

*

2020 ஜனவரி. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்திருந்த சமயம். ஒரு நாள் காலையில் வாசலில் ஓர் அம்மா. செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், அந்த வருடம் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பரீட்சைச் செய்தி கேட்டு ஒரு நாள் கூலியை விட்டு வந்திருந்தார்.

"பெயிலாக்கிடுவாங்களா டீச்சர்? ஆக்கிடுவாங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, கூட்டினு போயிடறோம்."

அந்தப் பிள்ளை வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவள். ஐந்து வருடம் நான் கட்டிக் காத்தது அந்த ஒரு கேள்வியில் ஆடியது. பிப்ரவரி 4-ஆம் தேதி அரசு தேர்வை ரத்து செய்தது. எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்த நான்கைந்து மாதமும் ஐந்தாம் வகுப்பில் நான் நடத்தியது பாடமே இல்லை. மாதிரி வினாத்தாள். மாலையில் மறுபடி மாதிரி வினாத்தாள். அறிவிப்பை வாபஸ் வாங்கலாம், அந்த மாதங்களைத் திருப்பி வாங்க முடியாது. அடுத்த மாதமே கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள்.

*

2021 நவம்பர் 1. ஒன்றாம் வகுப்பு முதல் மறுபடி திறந்தோம். ஒன்றாம் வகுப்பில் விட்டுப்போன பிள்ளை மூன்றாம் வகுப்பாக வந்து நின்றது. உயரம் வளர்ந்திருந்தது. பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் எங்கள் ஊரில் சாயந்திரம் வகுப்பெடுத்த பெண், நான் ஒரு காலத்தில் பாயில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள். அவள் கோயில் திண்ணையில் பிள்ளைகளோடு தரையில்தான் உட்கார்ந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும். முதல் மூன்று வகுப்புகளையும் சேர்த்து, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பாடல், கதை, பொம்மலாட்டம் என்று களங்கள். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை, பிரிந்துபோன உறவு வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. செயல்வழிக் கற்றல் சொன்னதும் இதைத்தான். நடுவில் அதன் வேகத்தைக் குறைத்து, அதைக் கலைத்து, அட்டைகளைக் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தோம். அந்த அனுபவத்தை யாராவது எங்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால், புதுக் கையேட்டின் முதல் பக்கமே வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. எந்த அட்டை உதவியது, எது பிள்ளையைத் தடுத்தது, ஏணியில் ஏன் ஏற்றிவிட்டோம் என்று கேட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்போம்.

*

செல்போன்.

எமிஸ் என்ற இணையத் தளத்தில் பிள்ளைகளின் விவரம், செயலியில் வருகை, செயலியில் மதிப்பீடு. பள்ளிக்குள் சிக்னல் வராது. வேப்பமரத்தடியில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி கிடைக்கும். பிள்ளையை ஒவ்வொருவராக மரத்தடிக்குக் கூப்பிட்டு, திரையில் வரும் வினாவைக் கேட்டு, பதிலைப் பதிய வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி பத்தியைப் படிக்க ஆரம்பித்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு வரி படித்து நிறுத்திவிட்டாள்.

"படிம்மா. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"நீங்க பாக்கல டீச்சர்."

போனைத் திண்ணையில் வைத்தேன். முதலிலிருந்து படித்தாள். 'கேட்டான்' என்ற சொல்லுக்கு வந்ததும் அவளுடைய ஆள்காட்டி விரல் புத்தகத்தில் கொம்பின்மேல் நின்று, ஒரு நொடி தயங்கி, தாண்டிப் போனது. தெரிந்துகொண்டாள் என்று அந்த விரல் எனக்குச் சொன்னது. செயலியில் அதற்கு இடமில்லை. 'சரி' என்று ஒரு பொத்தான் இருந்தது. சிக்னல் வந்ததும் அழுத்தினேன்.

கணக்கெடுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த ஊரில் எத்தனை பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த வேலைக்கு ஆசிரியரின் கண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஈராசிரியர் பள்ளியில் மொத்தம் நான்கு கண்கள்தான் இருக்கின்றன.

*

காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. இதைக் கல்விச் சீர்திருத்தம் என்று யாரும் பயிற்சி வைக்கவில்லை. ஆனால் என் முதல் பாடவேளையை இவ்வளவு மாற்றியது வேறு எதுவும் இல்லை. அதற்கு முன் பத்து மணிக்கு மேல் தலை தொங்கும். வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும். இரண்டு பிள்ளைகளை அதற்காக நான் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். கிச்சடி சாப்பிட்ட காலையில் அதே இரண்டு பிள்ளைகளும் பதினொன்றரை வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை.

*

என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. இரும்புப் பெட்டியில் பழைய அட்டைகள், இரண்டு டின் புளியங்கொட்டை, நாள்காட்டித் தாளில் நான் வரைந்தவை எல்லாம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். போன வாரம் போன் செய்தாள். சுவருக்கு வண்ணம் அடிக்கப் போகிறார்களாம், கீழே இருக்கும் கருப்புப் பட்டையையும் சேர்த்து அடித்துப் படம் வரையலாமா என்று கேட்கிறார்களாம்.

"படம் மேல போடச் சொல்லும்மா. பட்டையை விட்டுடச் சொல்லு."

"அப்படித்தான் சொன்னேன் மேடம். ஒண்ணு கேக்கணும். பிள்ளைங்க ஸ்லேட்ல எல்லாம் சரியாத்தான் எழுதறாங்க. டிக்டேஷன் போட்டா கொம்பை விட்டுடறாங்க."

"நாளைக்கு அந்தப் பட்டைகிட்ட, பிள்ளை பக்கத்துல கீழ உக்காந்துக்க. எழுதி முடிச்சதைப் பாக்காத. எழுதும்போது கையைப் பாரு. எதை முதல்ல எழுதறாங்கன்னு பாத்துட்டு எனக்குச் சொல்லு. விரல் சமாச்சாரத்தை அப்புறம் சொல்றேன்."

"என்னா விரல் மேடம்?"

"நாளைக்கு முதல்ல பாரு."